மூன்று நொடி தாமதத்தில் ஒரு சின்ன ரோபோ: விண்வெளி வேலையைக் குமரி மாவட்டத்தில் இருந்தே பழகும் வழி

பூமியில் உட்கார்ந்துகொண்டு விண்வெளியில் இருக்கும் சின்ன எந்திரத்தை வேலை வாங்குவது இன்றைக்கு ஒரு தொழில். 2024 பிப்ரவரியில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள் இருந்த, ஒரு கிலோ எடைகூட இல்லாத அறுவைசிகிச்சை ரோபோவை அமெரிக்காவின் லிங்கன் நகரில் இருந்த மருத்துவர்கள் இயக்கினார்கள். நோயாளி யாரும் இல்லை. இழுத்துக் கட்டிய ரப்பர் பேண்டை ஒரு கை பிடிக்க, மறு கை வெட்டியது. அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்களை ஏற்றிக்கொண்டு இஸ்ரோ ஏவிய பிஎஸ்எல்வி ராக்கெட்டின் கடைசி அடுக்கில் ஏழு மூட்டு உள்ள 'நடக்கும் கை' ஒன்று போனது. அதை உருவாக்கிய இஸ்ரோ பிரிவு திருவனந்தபுரத்தில் இருக்கிறது; நாகர்கோவிலில் ரயில் ஏறினால் போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனை மையம். இஸ்ரோ தலைவராக இருந்த சிவனும், 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்புக்கு வந்த நாராயணனும் இந்த மாவட்டத்துக்காரர்கள்.

அதனால் இங்குள்ள பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு இந்தத் துறையில் ஆசை வருவது இயல்பு. ஆனால் ஆசையோடு வருகிற எல்லோரும் முதலில் கேட்பது "எந்த மோட்டார் வாங்கணும்?" என்பதுதான். மோட்டாரில் ஆரம்பித்தால் ரிமோட் கார்தான் கிடைக்கும். விண்வெளி ரோபோவை ரிமோட் காரிலிருந்து பிரிப்பது தாமதம். பட்டனை அழுத்தினால் உடனே நகராது. நகர்ந்தது உடனே தெரியாது. அந்த இடைவெளியில் வேலை செய்யப் பழகுவதுதான் இந்தத் துறையின் அடிப்படை. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது: முதலில் தாமதம், அப்புறம் எந்திரம்.

தாமதம் எவ்வளவு?

விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது. ஒளிக்கு அது ஒரு தூரமே இல்லை. ஆனாலும் அந்த ரப்பர் பேண்ட் சோதனையில் மருத்துவர்கள் அரை நொடியிலிருந்து முக்கால் நொடிவரை தாமதத்தைச் சமாளிக்க வேண்டியிருந்தது. காரணம், சிக்னல் நேராக வருவதில்லை. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள தொடர்புச் செயற்கைக்கோளுக்கு ஏறி, அங்கிருந்து தரைநிலையத்துக்கு இறங்கி, பிறகு கம்பி வழியாக நகரம் நகரமாகக் கடந்து வருகிறது. போகும்போதும் அதே சுற்று.

நிலவு சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒளி போக 1.3 நொடி, வர 1.3 நொடி. கணினிகள் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்து மூன்று நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கு ஒரு வழிக்கே 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம்வரை ஆகும். அங்கே கையால் ஓட்டுவது நடக்காது. அன்றைய வேலையை மொத்தமாக எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆகவே புதிதாக வருபவர் பழக ஏற்ற தூரம் நிலவுதான். மனிதன் ஓட்டக்கூடியது, ஆனால் பழக்கம் இல்லாமல் ஓட்ட முடியாதது.

முதல் படி: எந்திரமே இல்லாமல் விளையில் ஒரு பயிற்சி

இதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை. தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

மூன்று பேர் வேண்டும். ஒருவர் ரோபோ: வீட்டுக்குப் பின்னால் தென்னை விளையில் கையில் போனோடு நிற்பார். போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து வீடியோ அழைப்பில் முன்னால் இருப்பதை மட்டும் காட்டுவார். சொன்னதைத் தவிர எதையும் செய்யமாட்டார். இரண்டாமவர் ஓட்டுநர்: வீட்டுக்குள் இருந்து திரையை மட்டும் பார்த்துக் கட்டளை சொல்வார். மூன்றாமவர்தான் தாமதம். ஓட்டுநர் சொல்வதை வாங்கி, மனதுக்குள் மூன்று எண்ணி, அதற்குப் பிறகே இன்னொரு போனில் ரோபோவுக்குச் சொல்வார். வேலை இதுதான்: நாலு மரம் தள்ளி வைத்திருக்கும் ஒரு சிவப்பு வாளியை மோதாமல் நெருங்கி, ஒரு சாண் தூரத்தில் நிற்க வேண்டும்.

ஆரம்பத்தில் எல்லாக் குழுவிலும் ஒரே கதைதான் நடக்கும்.

"மக்கா, நில்லு! நில்லுன்னு சொன்னேன்லா!"

"நீ சொன்னது எனக்கு இப்பதான் வருது. வாளியைத் தாண்டி நிக்கேன்."

"சரி, பின்னால போ."

"எவ்வளவு பின்னால?"

அந்தக் கடைசிக் கேள்வி வந்தால் பயிற்சி பலன் கொடுத்துவிட்டது. 'போ', 'நில்' என்ற கட்டளைகள் தாமதத்தில் உதவாது. 'இரண்டு அடி முன்னால் போய் நில்', 'இடப்பக்கம் கால் வட்டம் திரும்பி நில்' என்று அளவோடும் முடிவோடும் சொல்லத் தொடங்குவீர்கள். சொல்லிவிட்டு, விளைவு திரையில் வரும்வரை வாயைத் திறக்காமல் இருக்கவும் கற்றுக்கொள்வீர்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெரெல், ஷெரிடன் என்ற ஆய்வாளர்கள் 1960களிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தாமதம் இருந்தால் மனிதர்கள் தாங்களாகவே 'நகர்த்து, காத்திரு' என்ற முறைக்கு வந்துவிடுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. நம் கடப்புறத்தில் வள்ளம் இறக்குபவர்கள் இரண்டு அலைக்கு நடுவில் சந்து கிடைக்கும்வரை துடுப்பைப் போடாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொறுமைதான் இங்கேயும் வேண்டும்.

இரண்டாம் படி: வண்டி

பெரிதாக ஆசைப்படாதீர்கள். நான்கு சக்கர அடித்தட்டு, மஞ்சள் நிற பிஓ கியர் மோட்டார் நான்கு, டிபி6612 மோட்டார் டிரைவர், கேமராவோடு வரும் ஈஎஸ்பி32-கேம் என்ற சின்னக் கணினிப் போர்டு ஒன்று, சாதாரண ஈஎஸ்பி32 போர்டு ஒன்று, 18650 லித்தியம் செல் இரண்டு, 5 வோல்ட் தரும் பக் கன்வெர்ட்டர் ஒன்று. எல்லாம் ஆன்லைனில் கிடைக்கும். மூன்று நான்கு பேர் பங்கு போட்டால் பாரமாக இருக்காது.

போர்டு எதற்கு இரண்டு? ஒரே போர்டில் படமும் மோட்டாரும் ஓட்டலாம்தான். ஆனால் ஈஎஸ்பி32-கேமில் கேமரா எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் இணைப்புப் பின்கள் குறைவு. அதில் 12ஆம் பின் தொடங்கும்போது உயர் நிலையில் இருந்தால் போர்டே எழும்பாது. புதிதாக வருபவர் இதில் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் தொலைப்பதைவிட, படத்துக்கு ஒரு போர்டு, மோட்டாருக்கு ஒரு போர்டு என்று பிரித்துவிடுவது நல்லது. படம் நின்றுபோனாலும் மோட்டாரை நிறுத்தும் மூளை தனியாக விழித்திருக்கும் என்பது கூடுதல் லாபம். இன்னொன்று: பல ஈஎஸ்பி32-கேம் போர்டுகளில் யூஎஸ்பி துளை இருக்காது. புரோகிராம் ஏற்ற யூஎஸ்பி சீரியல் அடாப்டர் தனியாக வேண்டும். ஏற்றும்போது பூஜ்யம் எண் பின்னைக் கிரவுண்டோடு இணைக்க வேண்டும்.

அதிகம் பேரை அழவைக்கும் கோளாறு மின்சாரத்தில் வரும். வண்டியை நிறுத்தி வைத்திருக்கும்போது படம் தெளிவாக ஓடும்; முன்னால் போகச் சொன்ன உடனே திரை கறுத்துப் போர்டு மறுபடி தொடங்கும். நான்கு மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது இழுக்கும் கரண்டில் வோல்ட்டேஜ் சரிந்து, போர்டு தானாக ரீசெட் ஆகிறது. புரோகிராமில் தேடிப் பயனில்லை. செல்லிலிருந்து மோட்டாருக்கு ஒரு தடம், பக் கன்வெர்ட்டர் வழியாகப் போர்டுகளுக்கு ஒரு தடம் என்று பிரியுங்கள். போர்டின் 5 வோல்ட் பின்னுக்கு அருகிலேயே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போடுங்கள். கிரவுண்ட் மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கட்டும்.

லித்தியம் செல்லை ஷார்ட் ஆகவிடாதீர்கள். பாதுகாப்புச் சுற்று உள்ள செல்லாகப் பார்த்து வாங்குங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மூன்றாம் படி: கணினிக்குள் நிலவைக் கொண்டுவருவது

வண்டி வைஃபையில் ஓடியதும் கொஞ்ச நேரம் சாதாரணமாக ஓட்டி மகிழுங்கள். அப்புறம் லேப்டாப்பில் ஒரு சின்னப் பைத்தான் நிரல் எழுதி நடுவில் வையுங்கள். அதன் வேலை இரண்டு: நீங்கள் அனுப்பும் கட்டளையை வாங்கி 1.3 நொடி வைத்திருந்து வண்டிக்கு விடுவது. வண்டியிலிருந்து வரும் படத்தை வாங்கி 1.3 நொடி வைத்திருந்து திரையில் காட்டுவது.

இங்கே புதியவர்கள் 'ஸ்லீப்' கட்டளையைப் போட்டுவிடுவார்கள். அது நிரல் முழுவதையும் தூங்க வைக்கும். தூங்கும் நேரத்தில் வரும் படங்கள் குவிந்து, தாமதம் மூன்று நொடியில் தொடங்கி முப்பது நொடிவரை வளரும். அதற்குப் பதில் வரிசை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிற ஒவ்வொன்றோடும் வந்த நேரத்தைக் குறித்து வரிசையின் கடைசியில் சேருங்கள். வரிசையின் தலையில் இருப்பதற்கு 1.3 நொடி ஆகிவிட்டதா என்று பார்த்து, ஆகியிருந்தால் மட்டும் வெளியே விடுங்கள். இருபது வரிக்குள் முடிகிற வேலைதான்.

படத்தின் அளவை 320க்கு 240 என்று குறைத்து வையுங்கள். விண்வெளியிலிருந்து படம் தாராளமாக வராது. 1970 நவம்பரில் நிலவில் இறங்கிய சோவியத் வண்டி லூனகோட்-1 ஓட்டுநர்களுக்கு ஓடும் படம் கிடைக்கவில்லை. சில நொடிகளுக்கு ஒருமுறை வந்த நின்ற படத்தை வைத்தே பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார்கள்.

இந்த இடத்தில் மூன்று பழக்கங்களை வண்டிக்குள்ளேயே எழுதிவிட வேண்டும். என் அனுபவத்தில் நல்ல குழுவையும் சுமாரான குழுவையும் பிரிப்பது இவைதான்.

கட்டளைக்கு எண் கொடுங்கள். 41ஆம் கட்டளையை வண்டி முடித்ததும், அடுத்து வரும் படத்தின் மூலையில் '41 முடிந்தது' என்று தெரிய வேண்டும். இது இல்லாமல் ஓட்டினால், திரையில் தெரிவது எந்தக் கட்டளையின் விளைவு என்றே புரியாது. பொறுமை இழந்து ஒரே கட்டளையை இரண்டு முறை அனுப்புவீர்கள். வண்டி இரண்டையும் செய்யும்.

எல்லாக் கட்டளைக்கும் முடிவு இருக்கட்டும். 'முன்னால் 20 சென்டிமீட்டர்' என்றால் அதை முடித்து வண்டி தானாக நிற்க வேண்டும்.

தொடர்பு அறுந்தால் நிற்க வேண்டும். லேப்டாப் ஒவ்வொரு நொடியும் 'இருக்கிறேன்' என்று ஒரு சின்னச் செய்தி அனுப்பட்டும். இரண்டு நொடி அது வராவிட்டால் வண்டி மோட்டாரை அணைத்துவிட வேண்டும். சிலர் அவசர நிறுத்தத்தை மட்டும் தாமதம் இல்லாமல் அனுப்பப் பார்ப்பார்கள். வேண்டாம், நிலவுக்கு அப்படி ஒரு தனிப் பாதை கிடையாது. வண்டியின் பக்கத்தில் ஒரு நண்பர் சுவிட்சில் கை வைத்து நிற்கட்டும், போதும்.

நான்காம் படி: மணலுக்குப் போவது

சிமென்ட் தரையில் சரியாக 20 சென்டிமீட்டர் போகும் வண்டி மணலில் போகாது. சக்கரம் சுழலும், வண்டி நகராது. ஓட்டுநருக்குச் சக்கரம் சுழன்ற கணக்கு மட்டுமே தெரியும். இதை அளக்க எளிய வழி உண்டு. சக்கரத்தின் மேல் குறுக்காக ஒரு மெல்லிய ரப்பர்ப் பட்டையை ஒட்டுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் மணலில் ஒரு கோடு விழும். 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு சுமார் 20.4 சென்டிமீட்டர். மணலில் இரண்டு கோட்டுக்கும் இடையே 15 சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்றால், நாலில் ஒரு பங்கு ஓட்டம் வழுக்கலில் போகிறது. செவ்வாயில் ஓடும் கியூரியாசிட்டி வண்டியின் சக்கரங்களிலும் இதற்கென்றே துளைகள் உண்டு; தன் தடத்தைத் திரும்பிப் படம் எடுத்து எவ்வளவு வழுக்கியது என்று அது கணக்கிடும். உங்கள் வண்டியிலும் கேமராவைப் பின்பக்கம் திருப்ப ஒரு சின்ன சர்வோ வைத்துக்கொண்டால், மணலில் இறங்காமலே திரையிலேயே அளந்துவிடலாம்.

முதலில் வீட்டு முற்றத்தில் எம்-சாண்ட் அல்லது கட்டட மணலைப் பரப்பிப் பழகுங்கள். அப்புறம் சங்குத்துறை, சொத்தவிளை மாதிரி அகலமான மணல் உள்ள கடற்கரைக்குப் போகலாம். விடியற்காலைக் கருக்கலிலேயே அங்கே போய்விடுங்கள். காரணம் கூட்டம் மட்டும் இல்லை. சூரியன் தாழ்வாக இருக்கும்போது சின்ன மேடும் நீண்ட நிழல் போடும். நிலவின் தென்துருவப் பக்கத்தில் வெளிச்சம் எப்போதும் அப்படித்தான். குழி எது, நிழல் எது என்று பிரித்தறிவது ஓட்டுநருக்குக் கிடைக்கும் பெரிய பாடம். உச்சிவெயிலில் மணல் ஒரே வெள்ளையாகத் தெரியும், மேடுபள்ளமே புலப்படாது.

கரையில் வலை காயப்போட்டிருந்தால், வள்ளம் ஏற்றி இறக்கும் நேரமாக இருந்தால், அங்கே போய் நிற்காதீர்கள். அது அவர்கள் வேலை செய்யும் இடம். பெரியவர் யாராவது இருந்தால், "ஐயா, இந்தப் பக்கம் ஒரு மணி நேரம் இதை ஓட்டிப் பார்த்துக்கலாமா?" என்று கேட்டுவிடுங்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வாக்கில் ஆமை முட்டையிடும் காலம். அந்த மாதங்களில் மேல்மணலைக் கிளறவே வேண்டாம். ஜூன், ஜூலையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். அப்போது முற்றமே போதும்.

மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கரிமணலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் உள்ள இல்மனைட் என்ற கனிமம் நிலவின் கருந்தளப் பாறைகளிலும் உண்டு. அப்போலோ 11 கொண்டுவந்த பாறைகளிலேயே அது நிறைய இருந்தது. பிற்காலத்தில் நிலவிலேயே ஆக்சிஜன் பிரித்தெடுக்க ஏற்ற கனிமங்களில் அதுவும் ஒன்று என்று கருதுகிறார்கள். ஆகவே சின்ன ரோபோக்கள் நிலவில் அள்ளப்போகும் பொருளின் உறவுக்காரன் நம் ஊர்க் கரையில் கிடக்கிறது. ஆனால் அதை மூட்டை கட்டி வீட்டுக்கு எடுத்து வராதீர்கள்; கடற்கரைக் கனிமங்களுக்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. நிலவு மண்ணைப் போலவே இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். அலை உருட்டிய நம் மணல் உருண்டையானது. காற்றும் நீரும் தொடாத நிலவுத் தூள் முனை மழுங்காமல் கூராக இருக்கும். இஸ்ரோ தன் சோதனைக்கு நாமக்கல் பக்கத்து அனார்த்தோசைட் பாறையைப் பொடித்துத்தான் நிலவு மண் செய்தது.

கரிமணலில் காந்தத்துக்கு இழுபடும் துகள்கள் இருக்கின்றன. மோட்டாருக்குள் இருப்பதும் காந்தம்தான். மோட்டாரின் காற்றுத் துளைகளை டேப்பால் மூடாமல் ஓட்டினால், கொஞ்ச நேரத்தில் உள்ளே நறநறவென்று சத்தம் கேட்கும். போர்டுகளின் இணைப்புகளில் நகப்பூச்சு ஒரு கோட் அடித்துவிடுங்கள். உப்புக்காற்று அவ்வளவு சீக்கிரம் அரிக்காது. வீடு திரும்பியதும் ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள்.

ஐந்தாம் படி: மூன்று நாற்காலி

தனியாக ஓட்டாதீர்கள். லூனகோட் வண்டியை இயக்கியது ஐந்து பேர் கொண்ட குழு: தளபதி, ஓட்டுநர், வழிகாட்டுநர், ஆன்டெனா பார்ப்பவர், பொறியாளர். நீங்கள் மூன்று பேராகப் பிரியுங்கள். ஓட்டுநர் கட்டளை அனுப்புவார். வழிகாட்டுநர் வரைபடத்தில் வண்டி இருக்கும் இடத்தைக் குறித்து, அடுத்த அடி எங்கே என்று முடிவு செய்வார். பதிவாளர் கட்டளை எண், நேரம், எதிர்பார்த்தது, நடந்தது ஆகிய நான்கையும் நோட்டில் எழுதுவார். மூன்று பேரும் வண்டி தெரியாத இடத்தில் உட்கார வேண்டும். எட்டிப் பார்த்தால் பயிற்சி போச்சு.

எப்போது திரும்ப வேண்டும் என்பதையும் முன்பே எழுதி வையுங்கள். 2023 ஆகஸ்ட் 27 அன்று நிலவில் ஓடிய சந்திரயான்-3இன் பிரக்யான் வண்டி தனக்கு மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் விட்டமுள்ள குழி ஒன்றைக் கண்டது. இஸ்ரோ குழு அதைச் சுற்றிப்போகப் பார்க்காமல், வந்த தடத்திலேயே திரும்பச் சொன்னது; பிறகு வேறு பாதையில் ஓட்டியது. 26 கிலோ எடையுள்ள அந்த வண்டியின் வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்தான். அந்த வேகத்தில் மூன்று நொடி தாமதம் என்பது மூன்று சென்டிமீட்டர் பிழை, சமாளிக்கக்கூடியது. உங்கள் வண்டியையும் அவ்வளவு பைய ஓட்டுங்கள்.

1973இல் லூனகோட்-2 ஒரு பள்ளத்தின் சரிவில் தன் மூடியை இடித்துக்கொண்டது. மூடியில் ஒட்டிய தூள், பிறகு வெப்பத்தை வெளியேற்றும் பகுதியில் கொட்டி, வண்டி சூடேறிச் செயலிழந்தது. வழிகாட்டுநர் சக்கரத்தை மட்டும் பார்த்தால் போதாது; வண்டியின் மேல்பாகமும் பின்பாகமும் எதில் படும் என்றும் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: கை

வாளிக்கு ஒரு சாண் தூரத்தில் வண்டியைத் திரும்பத் திரும்ப நிறுத்த முடிந்த பிறகுதான் கை பொருத்த வேண்டும். ஓட்டுவதைவிடத் தொடுவது கடினம். தாமதத்தோடு தொடும்போது, தொட்டது தெரிவதற்குள் மூன்று நொடி அழுத்தியிருப்பீர்கள். அதற்காகத் தொடு உணர்வைக் கையில் உள்ள ஜாய்ஸ்டிக்குக்குத் திருப்பி அனுப்பினால் சரியாகிவிடாது. பழைய உணர்வுக்கு இப்போது பதில் கொடுப்பீர்கள், கை ஆட ஆரம்பித்துவிடும். முடிவை ரோபோவிடமே விடுவதுதான் வழி. விரல் நுனியில் ஒரு சின்ன மைக்ரோ சுவிட்ச் வையுங்கள். 'கீழே இறங்கு, பட்டால் உடனே நில்' என்பது ஒரே கட்டளையாகப் போகட்டும்.

1993இல் கொலம்பியா விண்ணோடத்துக்குள் இருந்த ஜெர்மனியின் ரோடெக்ஸ் கை, ஐந்து முதல் ஏழு நொடி தாமதத்திலும் மிதக்கும் பொருளைப் பிடித்தது. அவர்கள் செய்த உபாயம் நீங்களும் செய்யக்கூடியதுதான். தரையில் இருந்த கணினி, கட்டளை போய்ச் சேர்ந்தால் கை எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுத் திரையில் வரைந்து காட்டியது. உங்கள் திரையிலும் பழைய படத்தின் மேல் ஒரு பச்சைக் கட்டம் வரையுங்கள்: அனுப்பிய கட்டளைகள் எல்லாம் முடிந்தால் வண்டி நிற்கப்போகும் இடம் அது. மணலில் அளந்த வழுக்கல் கணக்கையும் அதில் சேருங்கள். உண்மையான வண்டி அந்தக் கட்டத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போய் நிற்கிறது என்பதைப் பதிவாளர் ஒவ்வொரு முறையும் எழுதட்டும்.

இந்த நோட்டுப் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள். கல்லூரி மாணவர்களுக்கு இஸ்ரோவின் யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையம் 2024 முதல் ரோபோட்டிக்ஸ் போட்டி நடத்துகிறது; குழுவாக விண்ணப்பிக்கும்போது இப்படி எழுதி வைத்த அளவுகள் கைகொடுக்கும். ஒன்பதாம் வகுப்பில் தம்பி, தங்கை இருந்தால் இஸ்ரோவின் யுவிகா பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பிளஸ் டூ படிப்பவர்களுக்கு வலியமலையில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் பி.டெக். சேர்க்கை ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வின் அடிப்படையில் நடக்கிறது. ஒரு விடுமுறை நாளில் தும்பாவில் பழைய தேவாலயக் கட்டடத்தில் இருக்கும் விண்வெளி அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். கிளம்பும் முன் பார்வையாளர் நேரத்தையும் என்ன அடையாள அட்டை வேண்டும் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.